கோணக் கைக்கு ஒரு காம்பு

சைகோனில் இருந்த பன்னிரண்டு வருஷத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், பகல் தூக்கம். பதினொன்றரைக்குச் சுங்க ஆபீசைச் சாத்தினால் இரண்டு மணி வரைக்கும் ஊரே கதவடைத்துப் படுத்துவிடும். கவர்னரும் தூங்குவார், அவர் வாசலில் நிற்கிற வண்டிக்காரனும் தூங்குவான். அந்த ஒரு விஷயத்தில் பிரெஞ்சுக்காரன் மகா புத்திசாலி என்று நான் எந்தச் சபையிலும் சொல்லுவேன். அப்பேர்ப்பட்ட தூக்கத்தை ஒன்றரை வருஷம் பாழடித்த புண்ணியவான் ஒருத்தர் இருந்தார். ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டு, "தம்பி, முழிச்சிருக்கியா?" என்பார். தூங்குகிறவனைக் கேட்கிற கேள்வியா அது? எழுந்து உட்கார்ந்த பிறகு, "முழிச்சிருந்தா வா, ஒரு சின்ன வேலை" என்பார்.

அவருக்கும் எனக்கும் காரைக்கால். எங்கள் பாட்டன்மார் எப்போதோ ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்ட புண்ணியத்தில் நாங்கள் பிரெஞ்சுக் குடிமக்கள். ஆபீசில் கால்சட்டை, வீட்டுக்கு வந்தால் வேட்டி. துறைமுகத்தில் எடை மேடை அவருடையது. நான் மாடியில் சீட்டு எழுதுகிறவன். என் பெண்டாட்டி ஊரில் இருந்தாள். அவர் குடியிருந்த வீட்டின் மாடி அறையில் நான் வாடகைக்கு இருந்தேன், சாப்பாடும் அவர் வீட்டிலேயே. அவர் மனைவியை அண்ணி என்பேன். அண்ணியின் கை மணத்துக்காகத்தான் அந்த மனுஷனின் தொந்தரவையெல்லாம் பொறுத்துக்கொண்டேன் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். "பின்னே, என் மூஞ்சிக்காகவா வருவே" என்று சிரிப்பார்.

அவருடைய இடது கை முழங்கையில் மடங்கினது மடங்கினபடி நிற்கும். முழுசாக நீட்ட வராது. சின்ன வயசில் மாங்கனித் திருவிழா அன்றைக்கு எதிர்வீட்டு மாடியிலிருந்து வீசிய மாம்பழத்தை எட்டிப் பிடிக்கிறேன் என்று கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தெருவில் விழுந்திருக்கிறார். வைத்தியர் ஒருத்தர் கட்டிய கட்டு கோணலாகக் கூடிவிட்டது. "பழத்தை விட்டியாண்ணே?" என்று கேட்டேன். "விடுவேனா? சாப்பிட்டுட்டுத்தான் அழுதேன்" என்றார். அந்தக் கையைப் பற்றி அவருக்கு வெட்கமோ வருத்தமோ கிடையாது. வெட்கமெல்லாம் அண்ணிக்குத்தான் இருந்தது.

அந்த மனுஷனின் குணம் என்னவென்று கேட்டால், எந்தச் சாமானும் ஆளுக்குத் தகுந்தபடி இருக்கவேண்டும், ஆள் சாமானுக்குத் தகுந்தபடி வளையக்கூடாது. அவ்வளவுதான் அவருடைய வேதம். எனக்கு இடுப்பு வலி வந்தபோது எல்லாரும் நிமிர்ந்து உட்காரச் சொன்னார்கள். அவர் ஒரு மத்தியானம் ரம்பத்தோடு வந்து என் நாற்காலியின் பின்கால் இரண்டையும் இரண்டு விரற்கடை அறுத்துவிட்டுப் போனார். சர்க்கார் சொத்தை நாசம் பண்ணினதாகப் பெரிய துரை குதி குதி என்று குதித்தார். எட்டு நாள் கழித்து அவரே இவரைத் தனியாகக் கூப்பிட்டுத் தன் நாற்காலியைக் காட்டினாராம். எனக்கு இடுப்பு வலி போனது போனதுதான்.

அண்ணியின் அம்மிக்கு அடியில் பலகை வைத்து உயர்த்தினார். அண்ணி இரண்டு நாள் திட்டிவிட்டு மூன்றாம் நாள் பேசாமல் அரைத்தாள். என் குடையின் பிடியைச் சீவினார். கோவில் குருக்களின் மணியில் கயிறு நீளம் என்று சொல்லப்போய் அங்கே மட்டும் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

இப்படி இருந்தவரிடம் அந்தப் பெட்டி வந்து சேர்ந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் வரவழைத்து, எடுக்காமலே ஊருக்குப் போய்விட்ட பெட்டி. கிடங்கில் மூன்று மழைக்காலம் கிடந்தது. கேட்பாரில்லாத சாமான்களைச் சிப்பந்திகளுக்குச் சல்லிசாகக் கொடுக்கிற நாளில், உள்ளே என்ன என்று தெரியாமலே இவர் கையைத் தூக்கிவிட்டார், அதுவும் அந்த இடது கையை. திறந்து பார்த்தால் கோல்ஃப் ஆடுகிற தடிகள். தடி என்று சொல்லக்கூடாது, காம்பெல்லாம் செல்லரித்துத் தவிடாகிக் கிடந்தது. மிஞ்சினது ஏழெட்டு இரும்புத் தலையும் ஒரு பை நிறையப் பந்தும்தான்.

நானாக இருந்தால் இரும்பைக் காயலான் கடைக்குப் போட்டிருப்பேன். அவர் ஒரு தலையை எடுத்து உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் எடை பார்த்தார். "இதுக்கு ஒரு காம்பு போடலாம் தம்பி" என்றார். என் தூக்கத்துக்குச் சனி பிடித்தது அன்றைக்குத்தான்.

ஊருக்கு வடக்கே வெள்ளைக்காரர்கள் கோல்ஃப் ஆடுகிற திடல் ஒன்று இருந்தது, ஒன்பது குழி. தானும் குடிமகன் என்று எழுதி, ஆட அனுமதி கேட்டு அதன் செயலாளருக்கு இவர் ஒரு கடுதாசி போட்டார். மறுக்க அந்த மனிதருக்குக் காரணம் அகப்படவில்லை. காலை வேண்டாம், சாயங்காலம் வேண்டாம், ஞாயிறு வேண்டவே வேண்டாம், மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை வரலாம் என்று பதில் எழுதினார். அந்த வெயிலில் எவனும் வரமாட்டான் என்ற தைரியம். இவருக்கோ பரம சந்தோஷம். ஒருத்தரும் இல்லாத மைதானம், தப்புத் தப்பாக அடித்தாலும் சிரிக்க ஆள் இல்லை. சிரிக்க வேண்டுமே என்றுதான் என்னை இழுத்துக்கொண்டு போனாரோ என்னவோ.

முதலில் பிரம்பு. சோலோன் சீனப் பேட்டையில் நாற்காலி பின்னுகிற கடையில் கட்டை விரல் மொத்தத்தில் பொறுக்கி எடுத்தார். சிலம்பக் கம்பை எப்படிப் பதப்படுத்துவார்களோ அப்படியே நல்லெண்ணெயில் ஊறவைத்து, தண்ணீரில் அடித்து, நிழலில் காயவைத்தார். காரைக்காலில் பிறந்தவன் கம்பு என்றால் இதைத்தானே செய்வான்? பிறகு தலையைச் சொருகி வச்சிரம் காய்ச்சி ஊற்றினார். எண்ணெய் குடித்த பிரம்பில் வச்சிரம் எங்கே ஒட்டும்? கொல்லையில் முதல் வீச்சு வீசினார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. தலை மட்டும் கழன்று வேலியைத் தாண்டிப் பறந்து, பக்கத்து வீட்டு உள்ளூர் அன்னாமியப் பெண்மணியின் மீன் சாறு ஜாடியைப் பிளந்தது. ஒரு வருஷம் ஊறின சாறு. மூன்று நாளைக்குத் தெருவில் ஒருத்தரும் ஜன்னல் திறக்கவில்லை. அண்ணி எங்கள் இரண்டு பேரையும் வாசலிலேயே குளிக்கவைத்துத்தான் உள்ளே விட்டாள். சிலம்பம் வேறே, இது வேறே என்று அவருக்குப் புரிய ஒரு ஜாடி செலவானது.

எண்ணெய் இல்லாமல் பிரம்பு போட்டார். தலை நின்றது, ஆனால் பிரம்பு வளைந்து வளைந்து, கை வந்த பிறகு தலை சாவகாசமாக வந்து சேர்ந்தது. பந்து வலது பக்கம் முள் வேலிக்குள் போனது. பாக்கு மரம் சீவிப் போட்டார். அது கொஞ்சமும் வளையாமல், அடித்த அடி அத்தனையும் முழங்கைக்கே திரும்பி வந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் அவருக்குச் சோறு பிசைய வரவில்லை. அண்ணி தடியையும் பார்த்தாள், கையையும் பார்த்தாள், ரசத்தை ஊற்றினாள்.

நான் சொல்லிப் பார்த்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையாக இருக்கிறதே அண்ணே என்றேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால் யோசித்தார்.

"சரி, அவ அப்படிச் சொன்னா. கூடம் கோணலா இல்லையான்னு யாராவது போய்ப் பார்த்தாங்களா?"

அன்றையிலிருந்து அந்தப் பழமொழியை நான் யாரிடமும் சொல்வதில்லை.

அவர் பார்க்கிற விதம் இப்படி. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். காம்பின் நீளத்தை மாற்றினால் மொத்தத்தைத் தொடமாட்டார். மொத்தத்தை மாற்றினால் தலையைத் தொடமாட்டார். இரண்டை ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும் என்பார். பந்து தலையில் எங்கே படுகிறது என்று பார்க்க இரும்பின் முகத்தில் விபூதி பூசினார். அடித்ததும் வட்டமாகத் தடம் விழும். அண்ணி கண்டுபிடித்து, சாமி சாம்பலை இரும்புக்குப் பூசுகிறீர்களா என்று வீட்டை இரண்டாக்கினாள். மறுநாளிலிருந்து கோலமாவு. கோலமாவில் விழுந்த தடம் எப்போதும் தலையின் மூக்குப் பக்கமே இருந்தது. கை மடங்கியிருப்பதால் பிடி உயரத்தில் நிற்கிறது, அதனால் காம்பு நான்கு விரல் நீளமாக வேண்டும், இரும்பின் கழுத்தும் நிமிரவேண்டும் என்று அதிலிருந்து கண்டார். சோலோனில் ஒரு கொல்லனிடம் கொடுத்துக் கழுத்தைப் பழுக்கக் காய்ச்சி வளைத்துக்கொண்டு வந்தார். "கை கோணல், அதனால தடியும் கோணல். இப்ப ரெண்டும் நேர்" என்றார்.

காம்புக்கு மட்டும் பொருள் கிடைக்கவில்லை. அது கிடைத்த இடம்தான் வேடிக்கை. துறைமுகத்தில் மூங்கில் தோள் கம்பின் இரண்டு முனையிலும் கூடை தொங்கவிட்டுக்கொண்டு சோறும் மீனும் விற்கிற ஒரு பெண்மணி உண்டு. அவள் நடந்தால் கம்பு அவள் நடைக்குச் சரியாகக் குதிக்கும். கூடை மேலே எழும்பும்போது கால் எடுத்து வைப்பாள், பாரமே தெரியாது. இவர் ஒரு வாரம் அவள் பின்னாலேயே நடந்தார். அவள் ஓரிரு தரம் திரும்பி முறைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன், கல்லடி படாமல் தப்பினது அதிர்ஷ்டம். பிறகு புதுக் கம்பு வாங்கித் தருகிறேன், உன் பழைய கம்பை எனக்குக் கொடு என்று கேட்டார். புதுசைக் கொடுத்துப் பழசைக் கேட்கிற கிறுக்கனை அவள் அன்றைக்குத்தான் பார்த்திருப்பாள். கடைக்குப் போனால் எட்டுக் கம்பைத் தோளில் வைத்துக் குதித்துப் பார்த்துத் தள்ளிவிட்டு ஒன்பதாவதைத்தான் எடுத்தாள். இவருக்கு அவள்மேல் வந்த மரியாதையைச் சொல்லி முடியாது. வீட்டுக்கு வந்து அண்ணியிடம் அரைமணி நேரம் அவளைப் பற்றியே பேசி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அந்தப் பழைய மூங்கிலைப் பிளந்து, சீவி, உருட்டி, நூல் சுற்றி அரக்குப் பூசினார். மறுநாள் மத்தியானம் திடலில் அடித்தார். டொக்கென்று ஒரு சத்தம். பந்து நேராகப் போனது. நான் மர நிழலில் தொப்பியை முகத்தில் போட்டுப் படுத்திருந்தவன், அந்தச் சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்தேன். எனக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அப்போதுதான் டாக்டர் வந்தார். பகலில் தூக்கம் வராத வெள்ளைக்காரர், அவரும் அந்த வெயிலில் தனியாக ஆடிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் எலும்பு அறுக்கிறவர். அவர் பந்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். கேட்காமலே முழங்கையைப் பிடித்து அமுக்கிப் பார்த்துவிட்டு, இதை உடைத்து நேராகக் கட்டிவிடலாம், மூன்று மாதம் கட்டோடு இருந்தால் போதும் என்றார். தான் விடுமுறைக்குக் கப்பலேறுவதற்கு முன்னால் அடுத்த வார வெள்ளிக்கிழமை ஒன்றுதான் இருக்கிறது, பணம் வேண்டாம் என்றார். நல்ல மனுஷர், மறைக்கவில்லை. சில பேருக்கு அப்புறம் விரல் சரியாக மடங்காமல் போவதும் உண்டு என்று சொன்னார். இவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்கு நுணல் நான். சாப்பிடும்போது, "அண்ணி, நல்ல சேதி" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். விரல் சமாச்சாரத்தை மட்டும் கொட்டவில்லை. அவர் இலையிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

அண்ணி பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் நியாயம் இருந்தது. மாரியம்மன் கோவிலில் ஊரிலிருந்து புதிதாகக் கப்பலில் வந்து இறங்குகிற பெண்கள்கூட அவளை அடையாளம் சொல்ல, கோணக்கையர் வீட்டம்மா என்றுதான் சொல்வார்கள். ஒருநாள் என்னிடம் சொன்னாள், "ஊர்ல எல்லாருக்கும் ஒரு பேரு இருக்கு தம்பி. எனக்கு அவரு கைதான் பேரு." அவர் கல்யாணப் பந்தலில் தாலி கட்டும்போது கையைப் பார்த்துப் பின்னால் யாரோ சிரித்தது அவள் காதில் இன்னும் இருந்தது.

வெள்ளிக்கிழமைக்குப் பத்து நாள் இருந்தது. அவர் மாட்டேன் என்றார், அவள் பேச்சை நிறுத்தினாள். அவள் பேசாவிட்டால் வீடு மட்டுமா, சமையலும் பேசாது. நான்கு நாள் உப்பில்லாத ரசம் சாப்பிட்டேன். செய்த பாவத்துக்கு அது சரிதான் என்று வாயை மூடிக்கொண்டு குடித்தேன். அவரோ கொல்லையில் உட்கார்ந்து காம்புக்கு அரக்குத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வந்தவன், வராத சளிக்கு இருமிக்கொண்டிருந்தேன்.

"எனக்குப் பயமா இருக்கு தம்பி" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயில் அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. "இந்தக் கையோட முப்பது வருஷம் குடித்தனம் பண்ணிட்டேன். அதுக்கு என்னைத் தெரியும், எனக்கு அதைத் தெரியும். விரல் போச்சுன்னா அது யாரோட கை?"

உள்ளே அண்ணி பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் நிலைப்படியில் வந்து நின்றாள். நான்கு நாளைக்குப் பிறகு பேசினாள். விரல் போகும் என்று தம்பி சொல்லவில்லையே என்று முதலில் என்னை ஒரு பிடி பிடித்தாள். பிறகு அவரைப் பார்த்து, "கைக்குத் தகுந்த தடி செஞ்சிட்டேன்னுதானே சொல்றீங்க? அப்ப காட்டுங்க. தடி ஒத்துப்போச்சுன்னா கையை விட்டுடறேன். ஒத்துப்போகலைன்னா வெள்ளிக்கிழமை போய்ப் படுங்க" என்றாள். அவர் அரக்குக் கையோடு சரி என்றார்.

ஒன்பது குழிக்கு எத்தனை அடிக்குள் முடித்தால் ஆட்டம் என்று சொல்லலாம் என டாக்டரைக் கேட்டோம். அறுபது என்றார். அதுவரைக்கும் இவர் அடித்ததிலேயே மிகக் குறைந்தது அறுபத்துநாலு. அது அண்ணிக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை, பட்டது போதும்.

புதன்கிழமை மத்தியானம் போனோம். டாக்டர் ஆட, இவர் ஆட, நான் காகிதத்தில் எழுத. என் எழுத்தை நம்ப அண்ணி தயாராக இல்லை. குதிரை வண்டியில் எங்களோடு ஏறிக்கொண்டாள். அறுபது புளியங்கொட்டையை எண்ணி முந்தானையில் முடிந்திருந்தாள். ஒரு அடிக்கு ஒரு கொட்டை கீழே போடுவாள். கொட்டை தீர்வதற்குள் கடைசிக் குழியில் பந்து விழாவிட்டால் கை உடைபடும். டாக்டருக்கு இதை விளக்கினேன். அவர் தொப்பியை எடுத்து அவளுக்கு வணக்கம் சொன்னார்.

அந்த வெயிலில் குடை பிடித்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, ஒன்பது குழிக்கும் நடந்தாள். முதல் இரண்டு குழி நன்றாகப் போனது. மூன்றாவதில் பந்து குட்டையில் விழுந்தது. தண்ணீரில் போட்டதற்கு அபராதம் உண்டா என்று என்னைக் கேட்கச் சொன்னாள். உண்டு, ஒரு அடி என்றார் டாக்டர். அண்ணி நிதானமாக இன்னொரு கொட்டையை எடுத்து, இவர் பார்க்கும்படி போட்டாள். எனக்கு அவள்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஆறாவது குழி முடிந்தபோது கொட்டை வேகமாகக் கரைந்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டி, இவர் முகம் செத்துப்போயிருந்தது. கோலமாவு டப்பாவைக்கூட எடுக்கவில்லை.

ஏழாவது குழியில் நீளமாக ஒன்று அடித்தார். அப்படி ஒரு அடியை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்க்கவில்லை. மடங்கின கை மேலே போய், மூங்கில் கொஞ்சம் வளைந்து, இரண்டும் ஒன்றாக இறங்கின. அந்த நேரத்தில் கை எது, தடி எது என்று பிரித்துச் சொல்ல வராது. பந்து நடு மைதானத்தில் போய்க்கொண்டே இருந்தது. டாக்டர் தன் மொழியில் ஏதோ முனகினார். இவர் பந்தைப் பார்க்கவே இல்லை, திரும்பி அண்ணியைப் பார்த்தார். மாம்பழத்தைப் பிடித்த பையன் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். அண்ணி முந்தானைக்குள் கையை விட்டபடி, பந்து உருண்டு நிற்கிற வரைக்கும் அசையாமல் நின்றாள். பிறகு குடையைச் சரித்துக்கொண்டு நடந்தாள்.

ஒன்பதாவது குழிக்கு வரும்போது என் காகிதத்தில் ஐம்பத்துநாலு. முதல் அடி சரி. இரண்டாவது மணல் பள்ளத்தில் விழுந்தது. மூன்றாவதில் மணல்தான் வெளியே வந்தது, பந்து வரவில்லை. நாலாவதில் வந்தது. ஐந்தாவதில் குழிக்கு இரண்டு முழத்தில் நின்றது. இன்னும் ஒன்று பாக்கி. நான் அழுத்தின அழுத்தில் பென்சில் முனை ஒடிந்துவிட்டது. அவர் குனிந்து, மெதுவாகத் தட்டினார். பந்து குழியின் உதட்டைச் சுற்றிக்கொண்டு போய் நான்கு விரற்கடை தள்ளி நின்றது.

அறுபது. பந்து வெளியே.

அவர் தடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும். அதைப் பார்க்க முடியாமல் நான் காகிதத்தைப் பார்த்தேன். என் வாயால் வந்த வினை அல்லவா?

"ஏன் நிக்கறீங்க?" என்றாள் அண்ணி. உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். ஒரு கொட்டை இருந்தது. "இன்னும் ஒண்ணு இருக்கு. போடுங்க."

அவர் அவளைப் பார்த்தார். எடை மேடையில் பதினாலு வருஷம் நின்றவருக்கு எண்ணத் தெரியாதா? டாக்டர் என் காகிதத்தை எட்டிப் பார்த்தார், அண்ணியின் கையைப் பார்த்தார், தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, எண்ணிக்கை மதாமுடைய பொறுப்பு என்றார். இவர் குனிந்து தட்டினார். பந்து உள்ளே விழுந்தது. அண்ணி கடைசிக் கொட்டையைக் கீழே போட்டாள். நான் காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வண்டியில் திரும்பும்போது அவர் அந்த மணல் பள்ளத்துக்குத் தலை கொஞ்சம் கனமாக இருக்கவேண்டும் என்று பேசிக்கொண்டே வந்தார். அண்ணி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. டாக்டர் கப்பலேறும்போது இவர் துறைமுகத்தில் நின்று அந்தக் கையாலேயே அசைத்து வழியனுப்பினார்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தார். அண்ணி எனக்கு இலை போட்டாள். என்னால் அடக்க முடியவில்லை. நான் எழுதினது அறுபத்தொன்று அண்ணி என்றேன். தெரியும் என்றாள். நீங்கள்தானே கை நேராகவேண்டும் என்று தவமாய்க் கிடந்தீர்கள், அப்புறம் ஏன் என்று கேட்டேன்.

அவள் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் ஊற்றிக்கொள்கிற சத்தமும் அவர் பாட்டும் கேட்டன. குனிந்து சோறு போட்டபடி மெதுவாகச் சொன்னாள்.

"கை நேராயிடுச்சுன்னு வைங்க தம்பி. அந்தத் தடி அத்தனையும் வீணு. மறுபடியும் பிரம்புலேருந்து ஆரம்பிப்பாரு."